முக்கால் பவுண் சன்னம்

வில்லெமுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது நானூற்றுப் பதினைந்து டொலர். ஐந்து கிடாய்க் கணக்கு அது. ஒரு கிடாய் தொண்ணூற்றைந்து. அதில் அறுபதை அன்றைக்கே அவர் கையில் வைத்தேன். மிச்சத்தை உயிர்த்த ஞாயிறு கழிந்து வருகிற கிழமை தருவதாகச் சொல்லியிருந்தேன். அந்தக் கிழமை வந்து போய்விட்டது. அதற்குப் பிறகு இன்னும் ஏழு கிழமையும் போய்விட்டது.

அந்த ஐந்து ஆட்டையும் நான் ஒருவன் தின்னவில்லை. நாடுவிட்டு வந்து வெக்ஸ்போர்ட்டில் எங்களைச் சுற்றிக் குடியிருந்த மன்னார்ச் சனத்துக்குப் பெருநாள் என்றால் பங்கு இறைச்சி வேண்டும். கடையில் பொதி கட்டி வைத்திருக்கிற இறைச்சி சரிவராது. யாராவது ஒருவன் முன்னுக்கு நின்று பண்ணையில் ஆடு பிடித்து, உரித்து, குவியல் குவியலாகப் பங்கு வைத்துக் கொடுக்க வேண்டும். முன்னுக்கு நிற்பவன் பெயரில்தான் கடன். ஆறு வருடமாக அந்த ஆள் நான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு பெரிய வியாழக்கிழமை, எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு மேல் வேலை செய்த கதிரை மேசைத் தொழிற்சாலை கதவைச் சாத்திவிட்டது. சனிக்கிழமை பங்கு எடுக்க வந்தவர்கள் பையைக் கொண்டுவந்தார்கள், காசைக் கொண்டுவரவில்லை. நாளைக்குப் பெருநாள். வெறும் பையோடு யாரைத் திருப்பி அனுப்புவது? நாலு பேர் மட்டும் பதினைந்து பதினைந்தாக நீட்டினார்கள். நான் கொடுத்த அறுபது அதுதான்.

என் கையில் இருந்து போட்டுக் கட்டவும் வழியில்லை. நான் கார்ச் சில்லுக்கு ரயர் மாற்றுகிற கடையில் வேலை. பனிக்கால ரயரைக் கழற்றி முடித்தால் கடையில் ஈதான் ஓட்டவேண்டும். முதலாளி கிழமைக்கு மூன்று நாள்தான் வரச்சொன்னான். என் மனைவி செலீன் இரண்டு அலுவலகம் கூட்டித் துடைத்துக் கொண்டுவருவது வாடகைக்குச் சரியாகப் போனது.

வைகாசி முடிவில் ஒரு சனிக்கிழமை, பஸ்ரியன் ஓட்ட, அவனுடைய வான் வண்டியில் பண்ணைக்குப் புறப்பட்டேன். பஸ்ரியன் என்னைவிடப் பத்து வயது இளையவன். நகரத்துக்குள்ளே பழைய வீடு உடைக்கிற வேலை. பங்கு போடும்போது கத்தி பிடிப்பது அவன், குவியல் வைப்பது நான்.

"என்ன சொல்லப் போறியள் அண்ணை?" என்று கேட்டான்.

"உள்ளதைச் சொல்லுறன்."

"உள்ளது எண்டால், உங்களிட்டை ஒண்டும் இல்லை எண்டதுதானே. அதைப் போனிலை சொல்லியிருக்கலாம். என்ரை பெற்றோல் காசும் மிஞ்சியிருக்கும்."

"முகத்தைக் காட்டாமல் சொன்னால் கள்ளனடா."

"காட்டிச் சொன்னால்?"

"கடன்காரன்."

மில்லிக்கன் தாண்டி, ஸ்ரீல்ஸ் வீதிக்கு வடக்கே கொஞ்சத் தூரம் போனால் வில்லெமின் பண்ணை. ஒல்லாந்திலிருந்து பெடியனாக வந்து, எழுபதை நெருங்கிய மனிதன். நாங்கள் போனபோது அவர் கொட்டிலுக்குப் பின்னால் வைக்கோல் பொதிகளை அடுக்கி, அதில் ஒரு பேப்பரைக் குத்தி, நூறு அடி தள்ளியிருந்து துவக்கால் சுட்டுக்கொண்டிருந்தார். வெடிச் சத்தம் இல்லை. பெரிய லொறி ரயரின் வால்வைச் சட்டென்று திறந்து மூடியது போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அது காற்றுத் துவக்கு. கொரியாவில் செய்தது. சின்னப் பிள்ளைகள் குருவிக்கு அடிக்கிற சாமான் இல்லை. குழலின் வாய்க்குள் என் சின்னி விரலின் நுனி போகும். குழலுக்குக் கீழே ஒரு காற்றுச் சிலிண்டர். கடலுக்கடியில் போகிறவர்கள் முதுகில் கட்டுகிற பெரிய சிலிண்டரிலிருந்து அதற்குக் காற்று ஏற்ற வேண்டும்.

நான் கடன் கதையைத் தொடங்க முதலே அவர் தன் கதையைத் தொடங்கிவிட்டார். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். மாசி மாதத்திலிருந்து கயோட்டி ஒன்று, ஓநாய்க்கும் நரிக்கும் இடைப்பட்ட சாதி, ஒன்பது குட்டிகளைக் கொண்டுபோய்விட்டது. பழைய வெடித் துவக்கை எடுக்கலாம் என்றால் வேலிக்கு அங்காலே புது வீடுகள் வந்துவிட்டன. ஒரு வெடி கேட்டால் ஐந்து நிமிடத்தில் பொலிஸ் வாசலில். அதனால் சத்தமில்லாத இதைத் தபாலில் எடுப்பித்தார். அனுமதிப் பத்திரம் எல்லாம் அவரிடம் இருந்தது. துவக்குத்தான் அவர் சொல் கேட்கவில்லை.

"துவக்குச் சத்தம் வேண்டாமெண்டுதானே நாங்களும் இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்," என்றான் பஸ்ரியன் என் காதுக்குள். "நல்ல சனம்தான் அங்காலை குடியிருக்கு."

பேப்பரைப் போய்ப் பார்த்தேன். துவக்கிலிருந்து போன ஐந்து ஈயச் சன்னமும் ஐந்து ஊரில் பட்டிருந்தன. வைக்கோலுக்குள் கையை விட்டு ஒரு சன்னத்தை எடுத்து, பழக்கத்தில், கடைவாயில் வைத்துக் கடித்தேன்.

பேசாலையில் ஒன்பது வயதிலிருந்து வலைக்கு ஈயம் வார்த்தவன் நான். வார்த்த ஈயத்தைக் கயிற்றில் வைத்துப் பல்லால்தான் நெரித்துப் பிடிப்போம். நல்ல ஈயத்தில் பல் அடையாளம் விழும். கலப்பு ஈயத்தில் பல்தான் நோகும். இது நொந்தது. குழலுக்குள் போய் வந்ததற்கு அதன் உடம்பில் ஒரு கீறலும் சரியாக இல்லை.

"இது எதற்குச் செய்த சன்னம்?" என்று கேட்டேன்.

"கைத்துப்பாக்கிக்கு. அளவு ஒன்றுதான் என்று கடைக்காரன் சொன்னான்."

"அளவு ஒன்றில்லை. இது உள்ளே ஆடிக்கொண்டு போகிறது. காற்று பக்கத்தால் தப்பிவிடும்."

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "சூசி, உனக்கு ஈயம் தெரியுமா?" சூசைதாசன் என்ற பெயர் அவர் வாயில் சூசியாகத்தான் வரும்.

"எனக்கு எழுத்து வந்தது நாற்பது வயசிலை. ஈயம் ஒன்பது வயசிலை," என்றேன். பஸ்ரியன் அதை ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான்.

வில்லெம் சிரிக்கவில்லை. கொட்டிலுக்குள் போய் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். செத்துப்போன ஒரு வேட்டைக்காரனின் சாமானை விற்றபோது வாங்கியதாம். உள்ளே இரண்டு இரும்பு அச்சு. ஒன்று நீளச் சன்னத்துக்கு, ஒன்று கட்டைச் சன்னத்துக்கு. அவர் ஒருநாளும் ஈயம் உருக்கியதில்லை.

"இந்தத் துவக்குக்குப் பிடித்த சன்னத்தை நீ கண்டுபிடி. அந்த மிருகம் விழுந்தால் உன் நானூற்றுப் பதினைந்தை நான் மறந்துவிடுகிறேன். என் ஒன்பது குட்டி அதைவிடக் கூட."

"விழாவிட்டால்?"

"செப்ரெம்பர் முடிய மந்தையை ஏலத்துக்குக் கொடுக்கிறேன். அப்போது எல்லாக் கணக்கும் காசாக வேண்டும். உன்னுடையதும்."

வீட்டுக்கு வந்து செலீனிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"துவக்கெண்டால் துவக்குத்தான். சிற்றிசன் பேப்பர் வர முந்தி உங்களுக்கு என்ன விசர்?"

"நான் துவக்கைத் தொடமாட்டன். ஈயம்தான் உருக்கப் போறன். ஊரிலை வலைக்கு உருக்கினது போலைதான்."

"அங்கை உருக்கினால் மீன் வந்தது. இஞ்சை உருக்கி என்ன வரும்?"

"நானூற்றுப் பதினைஞ்சு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எந்தச் சட்டியிலை உருக்கப் போறியள்?"

"அந்தப் பழைய நண்டுச் சட்டி."

"அப்ப அது இனி என்ரை குசினிக்குள்ளை வரக்கூடாது. சொல்லிப்போட்டன்."

அதுதான் சம்மதம்.

ரயர்க் கடையில் சில்லு சமநிலை பார்க்க விளிம்பில் அடிக்கிற ஈயத்துண்டுகள் வாளிக் கணக்கில் கழியும். முதலாளி கொண்டுபோ என்றான். பஸ்ரியனின் கராஜில், கதவை முழுக்கத் திறந்து வைத்து, காஸ் அடுப்பில் உருக்கி, நீள அச்சில் ஊற்றினேன். என் மண்டைக்குள் இருந்தது வன்னிப்பக்கத்து வேட்டைக்காரரின் கணக்கு. ஈயம் கனத்தால் மிருகம் விழும். ஒரு சன்னத்தைக் கையில் வைத்தால் கனம் தெரிந்தது. வழவழவென்று, தடித்து, பார்க்கவே பயமாக இருந்தது. எனக்கு அதுவே திருப்தி.

அடுத்த சனிக்கிழமை வில்லெம் அவற்றைச் சுட்டார். முதலாவது பேப்பரிலேயே படவில்லை. இரண்டு சாண் கீழே, மண்ணில். துவக்கை உயர்த்திப் பிடித்துச் சுட்டபோது பேப்பரில் ஓட்டை விழுந்தது. ஆனால் வட்ட ஓட்டை இல்லை. சன்னம் குறுக்கே திரும்பிப் பக்கவாட்டில் போயிருந்தது. பேப்பரில் ஒரு முழுச் சன்னத்தின் படமே வெட்டியிருந்தது.

"இது சன்னம் இல்லை, சூசி," என்றார் வில்லெம். "நங்கூரம்."

வரும் வழியெல்லாம் பஸ்ரியன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் விளங்கியது. வெடித் துவக்கில் ஈயம் கூடினால் மருந்தைக் கூட்டிப் போடலாம். இங்கே காற்று அடைத்தது அடைத்ததுதான். அந்தக் காற்று எவ்வளவு ஈயத்தைச் சுழற்றிக்கொண்டு போகுமோ அவ்வளவுதான் கொடுக்கலாம். அதிலும் முதல் ஐந்து சூட்டுக்குத்தான் முழுப் பலம். ஆறாவது ஏழாவதில் துவக்குக்கு இளைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு வகையையும் காற்று நிரப்பிய பிறகு ஐந்து ஐந்தாகத்தான் பார்க்க வேண்டும். இதை நானும் வில்லெமும் சேர்ந்துதான் கண்டுபிடித்தோம்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல மெத்தென்ற ஈயத்தில் ஒரு உருண்டை செய்து, துவக்கில் காற்று இல்லாதபோது, ஒரு கட்டையால் குழலின் இந்த வாயால் தள்ளி அந்த வாயால் எடுத்தோம். உள்ளே இருக்கிற வரிப்பள்ளம் எல்லாம் உருண்டையின் உடம்பில் பதிந்து வந்தது. அதுதான் குழலின் சரியான அளவு. கட்டை அச்சில் வார்த்த சன்னத்தை அதோடு வைத்துப் பார்த்தால் ஒரு மயிரிழை பெரிது. அப்படித்தான் இருக்க வேண்டும். தானாக உள்ளே விழுகிற சன்னம் உதவாது. தட்டி இறக்க வேண்டிய சன்னமும் உதவாது. பெருவிரலால் அமர்த்த, மோதிரம் விரல் மொழியைத் தாண்டுவதுபோல, கொஞ்சம் முரண்டுபிடித்து இறங்க வேண்டும்.

அதற்கு மெத்தென்ற ஈயம் தேவை. பஸ்ரியன் உடைக்கிற பழைய வீடுகளில் நூறு வருடத்துத் தண்ணீர்க் குழாய் ஈயத்தில் இருக்கும். ஒரு துண்டு கொண்டுவந்தான். கடித்தேன். பல் இறங்கியது.

"சாப்பிடுறதெண்டால் உப்புத் தரட்டோ?" என்றான்.

அந்தக் குழாயில் வார்த்த முதல் ஐந்தையும் ஆனி நடுவில் வில்லெம் சுட்டார். ஐந்தும் ஒரு தேத்தண்ணிக் கோப்பைத் தட்டுக்குள் அடங்கியது. கிழவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நூறு வார்த்துக்கொண்டு வா," என்றார்.

நூறு வார்க்கக் குழாய் ஈயம் போதவில்லை. அறுபது வந்தது. மிச்சம் நாற்பதைச் சில்லு ஈயத்தில் வார்த்தேன். அச்சு ஒன்றுதானே, பார்வைக்கு எல்லாம் ஒரே பிள்ளைகள். புகைப்படக் கடையில் எறிகிற பிலிம் டப்பிகள் பத்து வாங்கிவந்து, டப்பிக்குப் பத்தாகப் போட்டேன். ஒவ்வொன்றிலும் ஆறு மெத்தென்றது, நாலு கடினம். எந்த டப்பியை எடுத்தாலும் கையில் ஒரே கனம். எனக்குப் பெருமையாக இருந்தது. ஏழு டப்பியைப் பண்ணையில் கொடுத்து, மூன்றை என்னிடம் வைத்துக்கொண்டு வந்து அன்றிரவு நிம்மதியாகப் படுத்தேன்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ரயர்க் கடைக்குப் போன் வந்தது. முதலாளி என்னிடம் நீட்டினான். வில்லெம்.

"நூறு அடியில் நின்றது. அசையாமல் நின்றது. உன் சன்னம் அதன் முதுகுக்கு மேலால் போனது. அது திரும்பிப் பார்த்தது, சூசி. இரண்டாவது அதன் காலடியில் மண்ணைக் கிளப்பியது. ஒரே டப்பி. ஒரே கை. ஒன்று மேலே, ஒன்று கீழே."

"துவக்கில் காற்று..."

"காற்று நிறைய இருந்தது. மிச்சம் எட்டையும் பேப்பரில் சுட்டுப் பார்த்தேன். சல்லடை மாதிரி. ஏலக்காரனுக்குக் கடிதம் எழுதப் போகிறேன்."

போனை வைத்தேன். நின்ற கார் ஒன்றின் நாலு சில்லையும் கழற்றி மாட்டினேன். எதைச் செய்தேன் என்று தெரியவில்லை. ஆறு வருடமாக என் சொல்லுக்கு அந்த மனிதன் ஆடு தந்தவர். காசு இல்லை என்று சொன்னபோதும் முகம் சுளிக்கவில்லை. இப்போது சுளித்துவிட்டார். நானூற்றுப் பதினைந்தைவிட அது உறைத்தது.

எங்கள் கடை இருந்த பிளாசாவின் மற்ற முனையில் ஜெயரட்ணத்தாரின் நகைக்கடை. யாழ்ப்பாணத்து ஆள், பரம்பரைப் பொன்வேலை. வேலை முடிந்து, கையைக் கழுவி, வில்லெமுக்குக் கொடுக்காமல் வைத்திருந்த மூன்று டப்பியோடு அங்கே போனேன். நிறையில் ஏதோ பிழை என்று மட்டும் தெரிந்தது. செலீனின் குசினித் தராசு பருப்புக்குத்தான் சரி.

கயோட்டிக் கதையைக் கேட்டுவிட்டு, அவர் ஒரு டப்பியை வெல்வெட் தட்டில் கொட்டினார். பக்கத்தில் சங்கிலி பொருத்த வந்து நின்ற வேரோனிக்கா, எங்கள் கோயில் பாடகர் குழுப் பெண், எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, உதென்ன அங்கிள்? தோட்டுக்கோ?"

"ஓம் பிள்ளை," என்றார் ஜெயரட்ணத்தார் தலை நிமிராமல். "உம்மடை மனுசன்தான் ஓடர் தந்தவர்."

"அவருக்கு உந்தளவுக்கு வசதியில்லை. நான் சனிக்கிழமை வாறன்," என்று அவள் சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் முதலில் டப்பி டப்பியாக நிறுத்தார். மூன்றும் ஐம்பத்தெட்டு கிராம், கொஞ்சம் கூட.

"ஒண்டுக்கொண்டு குண்டுமணி பிசகேல்லை. கெட்டிக்காரன்தான் நீர்."

"பங்கு போட்ட கை அண்ணை."

"பிறகேன் என்னட்டை வந்தனீர்?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். "ஆறு. ஆறு. அஞ்சே அரை. ஆறு. அஞ்சே முக்கால். ஆறு. அஞ்சே அரை..." நிறுத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்னப்பா இது? இருபத்திரண்டு கரட்டையும் பதினெட்டையும் ஒரே டப்பியிலை போட்டு வைச்சிருக்கிறீர்?"

"சில்லு ஈயம் கொஞ்சம் நிறை குறைவு அண்ணை. அதுதான் எல்லா டப்பிக்கும் நாலு நாலாகப் பிரிச்சுப் போட்டனான். ஒருத்தருக்கும் குறைஞ்சிடக் கூடாதெண்டு."

"ஆருக்குக் குறைஞ்சிடக் கூடாது? நரிக்கோ?"

தராசில் இருந்த அந்தக் கட்டைச் சன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பங்கு போடும்போது ஒவ்வொரு குவியலிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் கொழுப்பு, ஒரு துண்டு தொடை. எந்தக் குவியலை யார் தூக்கினாலும் சண்டை வரக்கூடாது. ஊரிலும் இங்கேயுமாக முப்பது வருடம் என் கை அதைத்தான் செய்து பழகியது. நல்லதையும் கூடாததையும் கண்டால் அது தானாகக் கலந்துவிடும். ஆனால் துவக்கு குவியலைத் தூக்குவதில்லை. ஒன்று ஒன்றாகத்தான் விழுங்கும். முதல் சன்னம் எங்கே போனதோ அங்கேதான் அடுத்ததும் போகும் என்று நம்பித்தான் ஒரு மனிதன் ஒற்றைக் கண்ணை மூடிக் குறி வைக்கிறான். நான் வில்லெமுக்கு ஈரலைக் காட்டிவிட்டு எலும்பைக் கொடுத்திருக்கிறேன்.

"கொட்டுங்கோ அண்ணை, எல்லாத்தையும்," என்றேன்.

கடை பூட்டுகிற நேரம்வரை இரண்டு பேரும் அதில் இருந்தோம். அடுத்த நாள் பண்ணையில் இருந்த டப்பிகளையும் பஸ்ரியன் திருப்பிக் கொண்டுவந்தான். கடினமானதை நகத்தால் கீறிப் பிடித்து ஒதுக்கினேன். சந்தேகம் வந்தால் பல்.

"உதை விடும். பல்லு விழுந்தால் தங்கத்திலைதான் கட்டவேணும், நான் கடன் தரமாட்டன்," என்றார் ஜெயரட்ணத்தார்.

மெத்தென்றதிலும் எல்லாம் சரியில்லை. அவர் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றின் அடியையும் பார்த்தார். அச்சு சூடேற முதல் ஊற்றியவற்றின் அடி சுருங்கி, விளிம்பு மழுங்கி இருந்தது. "காற்று தள்ளுறது அடியிலைதானே? அடி கோணினால் ஆள் கோணித்தான் போகும்," என்று அவற்றை எறிந்தார். வெளியே பளபளத்து உள்ளே குமிழி விழுந்தவை தராசில் பிடிபட்டன. கடைசியில் தட்டில் மிஞ்சியது இருபத்தேழு. ஒவ்வொன்றும் ஆறு கிராம். பத்தில் ஒரு பங்கு கூட அங்கும் இங்கும் இல்லை.

"பவுணுக்கு எட்டுக் கிராம். இது முக்கால் பவுண்," என்றார் ஜெயரட்ணத்தார். "உதே பொன்னெண்டால் இப்ப நான் உம்மை வெளியிலை விடமாட்டன்."

"கூலி என்ன அண்ணை?"

"போம். கன காலத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் சரியா ஒரு வேலை செய்தனான். நாள் முழுக்கச் சங்கிலிக் கொழுக்கி மாத்திறதே என்ரை தொழில்?"

விஷயத்தைக் கேட்ட பஸ்ரியனுக்கு ஒரு கிழமைக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை. "சன்னத்துக்கும் பங்கு போட்டிட்டியள் அண்ணை! நல்ல காலம், தலைக்கறி வைக்கேல்லை."

ஆவணியில் வில்லெமிடம் போய் உள்ளதைச் சொன்னேன். பங்கு போடுகிற முறையை அவருக்கு விளக்கப் பஸ்ரியன் ஆங்கிலத்தில் நிறையக் கஷ்டப்பட்டான். வில்லெம் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "நியாயமான ஆள் நீ, சூசி. அதுதான் பிரச்சினை," என்றார்.

ஐந்தைச் சுட்டார். பேப்பரில் ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பூப்போல இருந்தன. பஸ்ரியன் பையிலிருந்து ஒரு இரண்டு டொலர் நாணயக் குற்றியை எடுத்து அதன்மேல் வைத்தான். ஐந்தும் மறைந்துவிட்டன. காற்று நிரப்பி இன்னும் ஐந்து. அதுவும் அதே குற்றிக்குள். மிச்சம் பதினேழை நான் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் ஏலக்காரனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

புரட்டாதி வந்தது. மிருகம் வரவில்லை. இரண்டு சனிக்கிழமை நாங்கள் போய் வேலி திருத்திக் கொடுத்தோம். காசு கொடுக்க வழியில்லாதவன் உடம்பையாவது கொண்டுபோக வேண்டாமா? மூன்றாவது சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரம். புல்லில் பனி. நான் ஓடைப்பக்கத்து வேலிக்குக் கட்டை தூக்கிக்கொண்டு போனபோது வில்லெம் கையைக் காட்டி என்னை நிற்பாட்டினார். வைக்கோல் பொதிக்குப் பின்னால் போய்க் குனிந்தோம்.

ஓடையின் அக்கரை மேட்டுக்குக் கீழே அது வந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னது. மெல்ல, தன் காணியில் நடப்பதுபோல, ஆட்டுக் கொட்டிலைப் பார்த்துக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் முழுக்க மண்மேடு. வீடுகள் எங்கள் முதுகுப் பக்கம்.

வில்லெம் துவக்கைத் திறந்து, துணிப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். நீயே எடு என்று கண்ணால் சொன்னார்.

நான் முதலில் கையில் பட்டதை எடுக்கவில்லை. ஒன்றை எடுத்து அடியில் பெருவிரலை ஓட்டினேன். விளிம்பில் நகம் ஒரு துகளில் தட்டுப்பட்டது. வைத்துவிட்டேன். இரண்டாவது வழுவழுப்பாக இருந்தது, ஆனால் துணியில் உரசியோ என்னவோ மூக்கு கொஞ்சம் நசிந்திருந்தது. அதையும் வைத்தேன். என் பின்னால் பஸ்ரியன் மூச்சு விடாமல், "அண்ணை, மாப்பிள்ளை பாக்கிறியளோ?" என்றான். மூன்றாவதை எடுத்தேன். அடி விளிம்பு கூர், மூக்கு வட்டம், உடம்பு சுத்தம். கொடுத்தேன். வில்லெம் பெருவிரலால் அமர்த்தினார். அது கொஞ்சம் முரண்டுபிடித்து உள்ளே இறங்கியதை நான் பார்த்தேன்.

மிருகம் நின்றது. தலையைத் தூக்கியது.

அந்த ரயர் வால்வுச் சத்தம். ஈயம் தோலில் பட்ட சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது, ஈரச் சாக்கில் தடியால் அடித்ததுபோல. முன்னங்கால்கள் மடிந்தன. ஒரு எட்டு வைக்கப் பார்த்தது. பிறகு பக்கவாட்டில் சரிந்து, அசையவில்லை.

பின்பக்கம் திரும்பிப் பார்த்தேன். வேலிக்கு அங்கால் ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு பெண் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிரவே இல்லை.

போய்ப் பார்த்தோம். தோளுக்குக் கொஞ்சம் பின்னால், குறி வைத்த இடத்தில். வில்லெம் குனிந்து அதன் காதைத் தொட்டார். "நல்ல மிருகம்," என்றார். "பசியில் வந்தது." அதை ஓடைக்கரையில் புதைத்தோம். குழி வெட்டியது நான்தான்.

பிறகு கொட்டிலுக்குள் கூட்டிப்போய்க் கணக்குப் புத்தகத்தை எடுத்தார். என் பெயருக்கு நேரே நாலு, ஒன்று, ஐந்து. தச்சன் பென்சிலால் அதற்கு மேலே குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஒரு சொல் எழுதினார். எழுத்தெழுத்தாக வாசித்தேன். தீர்ந்தது என்று அர்த்தம்.

"மந்தை?" என்று கேட்டேன்.

"ஏலக்காரனுக்கு நான் கடிதம் எழுதவே இல்லை. எனக்கும் எழுதப் பஞ்சி, வெறும் சோம்பல்." புத்தகத்தை மூடினார். "ஆனால் சூசி, இனிமேல் காசு முதலில். ஆடு பிறகு."

"அதுதான் நல்லது," என்றேன். மெய்யாகத்தான் சொன்னேன்.

வானில் ஏறியதும் பஸ்ரியன் கணக்குப் பார்க்கத் தொடங்கினான். "அண்ணை, எங்கடை சனம் பங்குக் காசு இன்னும் தரேல்லை. அரைவாசிப் பேர் இப்ப வேறை வேலையும் எடுத்திட்டினம். சூசையண்ணைக்குக் குடுக்க வேணும் குடுக்க வேணும் எண்டு திரியினம். உதை வாங்கினால் முழுக்க உங்களுக்கு லாபம்."

"ஆருக்குக் குடுக்க வாங்கிறது?"

"உங்களுக்குத்தான். கஷ்டப்பட்டது நீங்கள்."

"ஈயம் நீ தந்தது. நிறுத்தது ஜெயரட்ணம் அண்ணை. சுட்டது அந்த மனுசன். நான் கடிச்சுப் பாத்ததுக்கு இருபது முப்பது வீட்டிலை போய்க் காசு வாங்கிறதே?"

"அப்ப அவையளுக்கு என்ன சொல்லுறது?"

ஸ்ரீல்ஸ் சந்தியில் சிவப்பு விளக்கு. முதுகு வலித்தது. இருக்கையைப் பின்னுக்குச் சரித்துக் காலை நீட்டினேன்.

"ஆடு செத்துப்போச்சு, கடனும் செத்துப்போச்சு எண்டு சொல்லு. பச்சை விழுந்திட்டுது, எடடா வானை."